ஆயில் லைட் எரிந்தால் முதலில் கேஜ், அப்புறம்தான் ஸ்பேனர்

டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் கேன் படம் எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பெங்களூர் ஹெப்பாள் மேம்பாலத்தின் நடுவில் இருந்தாலும் ஹசார்ட் லைட் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். வீடு இன்னும் ரெண்டே கிலோமீட்டர்தான், மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சில எஞ்சின்கள் அந்த ரெண்டு கிலோமீட்டரைத் தாங்கும், சில தாங்காது. உங்களுடையது எந்த ரகம் என்பது ஓட்டி முடித்த பிறகுதான் தெரியும்.

ஏன் இவ்வளவு அவசரம்? பெரும்பாலான கார்களில் அந்த விளக்கைப் போடும் சுவிட்ச், எஞ்சினுக்குள் ஆயிலின் அழுத்தம் 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு இறங்கினால்தான் வேலை செய்யும். நல்ல எஞ்சின் நன்றாகச் சூடாகி ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், நிற்கும்போது 1 பார் பக்கமாவது இருக்க வேண்டும், 3000 ஆர்.பி.எம்-இல் 2.5 முதல் 4 பார் வர வேண்டும். 3000-இல் வெறும் 1 பார்தான் வருகிறது என்றாலும் இந்த விளக்கு வாயே திறக்காது. பேரிங் அங்கே பட்டினி கிடக்கும், டாஷ்போர்டு அமைதியாக இருக்கும். ஆகவே இந்த விளக்கு எரிவது ஆரம்ப எச்சரிக்கை இல்லை, கடைசி எச்சரிக்கை. மஞ்சள் நிறத்தில் ஆயில் கேன் வந்தால் அது பெரும்பாலும் ஆயில் அளவு குறைந்ததற்கான அறிவிப்பு. அதற்கு இந்தப் பதற்றம் தேவையில்லை, ஆனால் அன்றைக்கே பாருங்கள்.

பெங்களூரில் இந்த விளக்கோடு கராஜுக்குப் போனால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "சென்சார்தான் சார், மாத்திடலாம்" என்பது ஒன்று. "எஞ்சின் வேலை சார், இறக்கணும்" என்பது இன்னொன்று. முதலாவது சில நூறு ரூபாயோடு முடியும், இரண்டாவது பல பத்தாயிரங்களை விழுங்கும். அளந்து பார்க்காமல் சொன்னால் இரண்டுமே ஊகம்தான். ஒரு மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டினால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். ஜே.சி. ரோட்டில் டூல்ஸ் விற்கும் கடைகளில் அடாப்டர்களோடு செட்டாகவே கிடைக்கிறது. கேஜ் மாட்டாமல் எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது

ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று சொல்வது பாதி உண்மை. பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய ஆயில் வெளியேற இடம் குறுகலாக இருப்பதால் அழுத்தம் உண்டாகிறது. மாடித் தொட்டித் தண்ணீரில் ஷவர் நன்றாக அடிக்கும். அதே நேரத்தில் சமையலறைக் குழாயையும் வாஷிங் மெஷினையும் திறந்தால் ஷவர் சொட்டும். தொட்டியில் கோளாறு எதுவும் இல்லை, போகிற வழி கூடிவிட்டது. எஞ்சினில் அந்தக் குழாய்கள் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங், கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங், கேம் ஷாஃப்ட் சுழலும் கேம் ஜர்னல், டர்போ, பிஸ்டனுக்கு ஆயில் பீச்சும் ஜெட், செயின் டென்ஷனர்.

குறுகிய இடைவெளி வழியாகக் கசியும் ஆயிலின் அளவு, அந்த இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு (கனத்துக்கு) ஏற்பக் கூடும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே 0.04 மி.மீ. இருந்த இடைவெளி தேய்ந்து 0.08 ஆனால், கசிவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். வருடக்கணக்கில் நன்றாக ஓடிய எஞ்சினில் அழுத்தம் கடைசிக் கட்டத்தில் சரசரவென்று சரிவதற்கு இதுதான் காரணம்.

பழைய எஞ்சினில் கெட்டியான ஆயில் ஊற்றி விளக்கை அணைக்கும் வைத்தியத்தையும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். 100 டிகிரி சூட்டில் 20 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக், 30 கிரேடுக்கு 9.3 முதல் 12.5, 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9. 0டபிள்யூ-20 கேட்கும் வண்டியில் 20டபிள்யூ-50 (கடைசி எண்தான் சூட்டில் உள்ள கிரேடு) ஊற்றினால் கேஜ் முள் ஏறத்தான் செய்யும். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும். காலை ஸ்டார்ட்டில் ஆயில் கேம் ஷாஃப்ட் வரை ஏறத் தாமதமாகும், வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் வேரியபிள் வால்வ் டைமிங் தடுமாறும். வண்டியை விற்கும் முன் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஆயில் எந்த கிரேடு என்று கேட்டு, சூடான எஞ்சினில் கேஜ் மாட்டிப் பார்ப்பது நல்லது.

ஸ்பேனர் எடுப்பதற்கு முன்

சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, ஆயில் மட்டம் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். மினிமத்துக்குக் கீழே இருந்தால், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் திருப்பங்களிலும் பிரேக்கிலும் காற்றை உறிஞ்சும். அப்போது விளக்கு மினுக்கி மினுக்கி எரியும். சரியான கிரேடில் ஊற்றி நிரப்புங்கள். பல சிறிய எஞ்சின்களில் மினிமத்துக்கும் மேக்சிமத்துக்கும் நடுவே ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும், அதனால் கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றிப் பாருங்கள்.

அளவு மேக்சிமத்தைத் தாண்டியிருந்தாலும் கெடுதல்தான். கிராங்க் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும். பம்ப் நுரையைத் தள்ளினால் அழுத்தம் நிற்காது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சில்க் போர்டு, மாரத்தஹள்ளி என்று தவழ்ந்தே ஓடும் வண்டியில், புகைக்கரியைப் பிடிக்கும் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்யத் தொடங்கி பாதியில் நின்றுவிடும். அதற்காகக் கூடுதலாகப் பீச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து சம்ப்புக்குள் இறங்கும். ஆயில் ஊற்றாமலே மட்டம் ஏறும், ஆயில் தண்ணீர் மாதிரி மெலிந்துவிடும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து மட்டமும் ஏறியிருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு ஓட்டுவது தீர்வாகாது. ஆயிலும் ஃபில்டரும் முழுதாக மாற்ற வேண்டும்.

அடுத்து ஃபில்டர். நல்ல ஃபில்டருக்குள் எஞ்சின் நின்ற பிறகு ஆயில் வடிந்துவிடாமல் பிடித்துவைக்கும் ரப்பர் வால்வும், அடைத்துக்கொண்டால் திறந்துவிடும் பைபாஸ் வால்வும் இருக்கும். போலி ஃபில்டரில் ரப்பர் ரெண்டு மாதத்தில் விறைத்துப்போகும். தினமும் காலையில் மட்டும் விளக்கு நான்கைந்து வினாடி அணையாமல் இருந்து, கடகட சத்தத்தோடு அணைகிறதா? முதலில் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அதன் மேலேயே புதியதை ஏற்றினால் ஓடும் வழியில் ஆயில் முழுக்கப் பீச்சியடித்து வெளியேறிவிடும்.

பிறகு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து சம்ப்பைப் பாருங்கள். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களின் உயரத்துக்கு எந்தக் கணக்கும் கிடையாது. சம்ப் அடிபட்டு உள்பக்கம் நெளிந்திருந்தால் கசிவே இல்லாமலும் அழுத்தம் குறையலாம். பிக்கப் குழாயின் வாயிலுள்ள வலையான ஸ்ட்ரெய்னருக்கும் சம்ப்பின் தரைக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர்தான். தகடு மேலேறி ஸ்ட்ரெய்னரில் ஒட்டினால், பாட்டில் அடியில் ஸ்ட்ராவை அழுத்தி உறிஞ்சுவது மாதிரி ஆகிவிடும். ஐடிலில் பெரிய வித்தியாசம் தெரியாது, வேகத்தில் முள் இறங்கும்.

சுவிட்ச்சும் கேஜும்

ஒற்றை ஒயர் சுவிட்ச் உள்ள வண்டியில் மின்சாரப் பக்கத்தை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். விளக்கு எரியும், எரிய வேண்டும். சுவிட்ச்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். அப்போதும் எரிந்தால் ஒயர் எங்கோ உரசி பாடியில் எர்த் ஆகிறது, எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. அணைந்தால் ஒயர் சரி. மல்ட்டிமீட்டரில் சுவிட்ச்சின் பின்னுக்கும் பிளாக்குக்கும் நடுவே எஞ்சின் நிற்கும்போது பூஜ்ய ஓம் பக்கம் காட்ட வேண்டும், ஓடும்போது திறந்த சுற்று. கனெக்டருக்குள் ஆயில் ஊறியிருந்தால் சுவிட்ச்சின் உள் தகடு கிழிந்துவிட்டது, கையோடு மாற்றுங்கள். மூன்று ஒயர் சென்சார் உள்ள புதிய வண்டிகளில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே ஸ்கேனரில் பிரஷர் எண்ணைப் பார்த்து கேஜோடு ஒப்பிட வேண்டும்.

எஞ்சின் ஆறியதும் சுவிட்ச்சைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜை மாட்டுங்கள். பெரும்பாலும் 24 மி.மீ. டீப் சாக்கெட் பொருந்தும். ஜப்பானிய, கொரிய வடிவமைப்பு எஞ்சின்களில் 1/8 பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் வகைக் கூம்பு மரை, இஞ்சுக்கு 28 இழை. அமெரிக்க 1/8 என்.பி.டி. பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் 27 இழை. அதை பலவந்தமாக ஏற்றினால் அலுமினிய மரை போய்விடும். ஜெர்மன் கார்களில் எம்10×1 அதிகம். முதல் மூன்று சுற்று கையாலேயே போக வேண்டும். கேஜின் ஓஸ், எக்ஸாஸ்ட்டையும் ஃபேன் பெல்ட்டையும் தொடாமல் கட்டிவைக்க வேண்டும். ஓஸ் அறுந்து சூடான எக்ஸாஸ்ட்டில் ஆயில் தெளித்தால் தீப்பிடிக்கும்.

கேஜ் மாட்டிய உடனே ஸ்டார்ட் செய்து குளிர்ந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். குளிர்ந்த எண்ணை மட்டும் நம்பி வண்டி சரி என்று அனுப்புவது பெரிய தவறு. கெட்டுப்போன எஞ்சின்கூட குளிரில் 4 பார் காட்டும். கூலன்ட் சூடான பிறகும் ஆயில் சூடாக நேரம் பிடிக்கும். ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு மூன்று முறை சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு, ஐடிலில், 2000-இல், 3000-இல் என்று மூன்று எண் எடுங்கள். உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் இறுதித் தீர்ப்பு. அது கையில் இல்லாவிட்டால் 1000 ஆர்.பி.எம்-க்கு 10 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 0.7 பார் என்ற பழைய கணக்கு உதவும். வேரியபிள் ஆயில் பம்ப் உள்ள புதிய எஞ்சின்களில் இந்தக் கணக்கு ஏமாற்றும். எரிபொருள் மிச்சம் செய்ய கம்ப்யூட்டரே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும்.

எண்களை விட முள் நடந்துகொள்ளும் விதம் நிறையச் சொல்லும். மூன்று இடத்திலும் நல்ல அழுத்தம் இருந்தால் சந்தோஷம், சுவிட்ச்சை மாற்றி முடித்துவிடலாம். குளிரில் நன்றாக இருந்து, சூடானதும் ஐடிலில் படுத்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் எழுந்துகொண்டால், ஆயில் மெலிந்துவிட்டது அல்லது பேரிங் தேய்ந்துவிட்டது. முதலில் சரியான கிரேடு புது ஆயில் ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். ஐடிலில் பரவாயில்லை, 3000-க்கு மேல் முள் இறங்குகிறது என்றால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு. முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் பிக்கப் குழாயின் ஓ ரிங் வெடித்து பம்ப் காற்று இழுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். குளிரிலும் குறைவு, ரெய்ஸ் கொடுத்தாலும் ஏறவில்லை என்றால் அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வ் திறந்தபடி மாட்டிக்கொண்டது, அல்லது பம்ப் போய்விட்டது.

புது சுவிட்ச் போடும்போது டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஏற்றாதீர்கள். ஒற்றை ஒயர் சுவிட்ச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. டேப் அதைத் தடுத்தால் அடுத்த முறை அழுத்தம் உண்மையிலேயே போனாலும் விளக்கு எரியாது. மரைக்கு மட்டும் கொஞ்சம் சீலன்ட் போதும், முனையில் வேண்டாம்.

சம்ப்பை இறக்கினால்

ஆயிலை வெள்ளை ட்ரேயில் வடியுங்கள். ஃபில்டரை ஹேக்ஸா பிளேடால் அறுக்கக் கூடாது. அறுத்த பொடி உள்ளே விழுந்தால் எது எஞ்சினின் இரும்பு, எது ஃபில்டர் தகரம் என்று தெரியாது. ஃபில்டர் கட்டரால் வாயைச் சுற்றி வெட்டி, உள்ளே மடிந்திருக்கும் காகிதத்தை அறுத்தெடுத்து, கையால் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெத்தென்ற மினுமினுப்பு, நகத்தால் கீறினால் நசுங்குவது என்றால் அது பேரிங்கின் மேல் பூச்சு. செம்பு நிறத் துணுக்கு தெரிந்தால் பூச்சு தேய்ந்து அடி அடுக்கு வரை போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: கேம், செயின், பம்ப் கியர். கறுப்பு நார் நாராக வந்தால் ரப்பர் பெல்ட்.

கடைசியாகச் சொன்னது ஆயிலுக்குள்ளேயே பெல்ட் ஓடும் எஞ்சின்களில் வரும். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் இதற்குப் பெயர்போனது. 2023 இறுதியில் அமெரிக்காவில் ஈகோஸ்போர்ட், ஃபோகஸ் கார்களை ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டும் அதன் டென்ஷனரும் கெட்டு அழுத்தம் போகிறது என்று திரும்ப அழைத்தார்கள். இங்கே இந்த வகை எஞ்சின் வைத்திருப்பவர்கள் கம்பெனி சொன்ன ஸ்பெசிஃபிகேஷன் ஆயிலை மட்டும்தான் ஊற்ற வேண்டும். வேறு ஆயில் பெல்ட்டின் ரப்பரை ஊறவைத்து உரிக்கும், உரிந்தது நேராக ஸ்ட்ரெய்னரில் போய் அடையும்.

ஸ்ட்ரெய்னரில் வேறு என்ன அடைக்கும்? அல்வா பதத்துக்குக் கெட்டியான ஸ்லட்ஜ் (பழைய ஆயில் கசடு), அப்புறம் சம்ப் ஒட்டும் பசையான அனபாண்ட். சம்ப் ஒட்டும்போது பட்டையாகப் பூசி இறுக்கினால் பாதி உள்பக்கம் பிதுங்கும். புழு மாதிரி சுருண்ட அந்தத் துண்டுகள் உதிர்ந்து வலையில் படியும். 3 மி.மீ. தடிமனில் ஒரே கோடு, போல்ட் துளைக்கு உள்பக்கமாகச் சுற்றி, போதும். ஸ்லட்ஜ் அதிகமுள்ள எஞ்சினில் ஃப்ளஷ் ஊற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. கட்டி கட்டியாகப் பெயர்ந்து அதே வலைக்குத்தான் வரும். சம்ப்பை இறக்கிக் கையால் துடையுங்கள், பிக்கப்பின் ஓ ரிங்கைக் கட்டாயம் மாற்றுங்கள். இருபது ரூபாய்ச் சாமானுக்காக இன்னொரு முறை சம்ப் இறக்க வேண்டாம்.

பம்பைப் பிரித்தால் ரோட்டர் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜால் பக்க இடைவெளி பாருங்கள். 0.15 மி.மீ.-க்கு மேல் போனால் பெரும்பாலும் பம்ப் மாற்ற வேண்டியதுதான். ரிலீஃப் வால்வின் பிளஞ்சர் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். ஸ்ப்ரிங்குக்குக் கீழே வாஷர் போட்டு அழுத்தத்தைக் கூட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சூடான ஐடிலில் அந்த வால்வ் மூடித்தான் இருக்கிறது, மூடிய கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டு என்ன பயன்? குளிர் ஸ்டார்ட்டில் அழுத்தம் எகிறி ஃபில்டர் வாஷர் பிதுங்கும், அவ்வளவுதான்.

பம்ப், வால்வ், ஸ்ட்ரெய்னர் எல்லாம் சரியென்றால் மிச்சம் பேரிங். ஒரு பிக் எண்ட் கேப்பைக் கழற்றி, ஆயிலைத் துடைத்து, இடைவெளி அளக்கும் நசுங்கும் நூலான பச்சை பிளாஸ்டிகேஜ் ஒரு துண்டு, கிராங்கில் பேரிங் உட்காரும் ஜர்னல் மேல் நீளவாக்கில் வைத்து, மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) இறுக்கித் திறங்கள். நடுவில் கிராங்கைத் துளிகூடச் சுற்றக் கூடாது. நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். பச்சை நூல் 0.025 முதல் 0.076 மி.மீ. வரை அளக்கும். அளவுகோலின் மிகக் குறுகிய பட்டையை விடவும் நூல் குறுகலாக நிற்கிறது, அதாவது நசுங்கவே இல்லை என்றால் இடைவெளி எல்லையைத் தாண்டிவிட்டது. ஜர்னலில் நகம் தட்டுப்படும் கீறல் இருந்தால் புது பேரிங் மட்டும் போட்டுப் பயனில்லை, கிராங்கை கிரைண்டிங்குக்கு அனுப்பி 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் (தேய்த்துச் சிறிதான கிராங்குக்கு ஏற்றது) போட வேண்டும். கிரைண்டிங் முடிந்து வந்ததும் கிராங்கின் ஆயில் துளைகளை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு நீங்களே கழுவுங்கள். உள்ளே தங்கிய ஒரு சிட்டிகைப் பொடி புது பேரிங்கை ஒரே நாளில் தின்றுவிடும். ஆங்கிளில், அதாவது இத்தனை டிகிரி சுற்று என்று, இறுக்கும் வகை போல்ட்டுகளை மறுபடி போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

ஆயில் மாற்றும் இடைவெளியையும் இந்த ஊருக்கு ஏற்ப யோசிக்க வேண்டும். மணிக்கு 50 கி.மீ. சராசரியில் 10,000 கி.மீ. ஓட 200 மணி நேரம். அவுட்டர் ரிங் ரோட்டில் சராசரி 18 என்று வைத்தால் அதே தூரத்துக்கு 555 மணி நேரம். ஓடோமீட்டருக்கு வித்தியாசம் தெரியாது, ஆயிலுக்குத் தெரியும். தினமும் ஆபீஸ் டிராஃபிக்கில் ஓடும் வண்டிக்கு 5,000 முதல் 7,500 கி.மீ., அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது.

எல்லாம் பூட்டும்போது பம்பைக் காய்ந்த நிலையில் விடாதீர்கள். பூட்டும் முன்பே ரோட்டரில் ஆயிலோ வாசலினோ நிரப்ப வேண்டும், கிரீஸ் கூடாது. காய்ந்த ரோட்டரால் ஆயிலை மேலே இழுக்க முடியாது. ஃபில்டரிலும் ஆயில் ஊற்றி மாட்டுங்கள். ஃபியூவல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பத்து வினாடி செல்ஃப், அரை நிமிடம் ஓய்வு என்று கேஜில் முள் எழும்வரை சுற்றுங்கள். முள் எழுந்த பிறகுதான் ஃபியூஸ். பிறகு சூடாக்கி அதே மூன்று எண்களை எடுத்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி, கேஜைக் கழற்றி சுவிட்ச்சைப் போடுங்கள். 1000 கி.மீ-இல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள்.